புழுக்கொடியலும் புதுப்பல்லும்

கேள்வி: புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கடித்து முன்பல் போயிற்று. கனடாவிலிருக்கும் மகன், தாடையிலேயே புதுப்பல் நடலாம் என்கிறான். நடக்கிற காரியமா?
– நெடுந்தீவு வாசகர்

பதில்: நடக்கிற காரியமே. சுவீடன் தேசத்துப் பிரானேமார்க் என்னும் வைத்தியர், 1952-இல் முயலின் காலெலும்பில் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தி, ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்ற முனைந்தபோது, எலும்பானது அவ்வுலோகத்தைத் தன் சொந்தச் சுற்றமாகவே பாவித்து, விடமாட்டேன் என்று பிடிவாதம் செய்யக் கண்டார்; அப்பிடிவாதத்தையே ஆதாரமாகக் கொண்டு, 1965-இல் மனிதர் ஒருவரின் தாடையிலும் திருகாணி நாட்டினார். அவ்வுலோகத்தின் கனியம் நமது புல்மோட்டைக் கரிய மணலிலேயே கிடக்கிறது. திருகாணியாகி வரும்போதுதான் விலை பயமுறுத்துகிறது!

எலும்பு திருகாணியைத் தழுவிக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். நீரிழிவு இருந்தால் அது அடங்கியிருக்க வேண்டும்; சுருட்டுக்கும் தாங்கள் விடைகொடுக்க வேண்டும் என்பதை, புகையிலை விளைந்த யாழ்ப்பாணத்தாரிடம் சொல்ல எனக்கே கூச்சமாயிருக்கிறது.

தங்கள் தீவுக் குதிரைகளின் வயதைப் பல்லைப் பார்த்தே மதிப்பிடலாம். புதுப்பல் பூண்டபின் தங்களிடம் அந்தச் சாஸ்திரம் பலியாது. அதுவரை ஆச்சியின் பாக்குரலை எறிந்துவிடாதீர்கள், புழுக்கொடியல் அதற்குள் இடிபட்ட பின்பே வாய்க்குள்.