நகராட்சியும் இருளரும்

கேள்வி: பழங்குடியினருடன் நல்லிணக்கம் காண நகராட்சியால் என்ன செய்ய முடியும்?
– வாசகர், கதிர்காமம்

பதில்: புதுச்சேரியில் முதலில், பழங்குடியினர் இருப்பதையே அரசு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்பினார்கள்; பட்டியல் பழங்குடியினர் என்று ஒரு பெயர்கூட இல்லாமல் 62 ஆண்டுகள் ஓடின. 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் பிரிவினர் உட்பட இருளர்கள் பட்டியலில் ஏறினார்கள். காட்டுநாயக்கர், மலைக்குறவர், குருமன்ஸ், எருகுலர் ஆகியோர் அதில் இல்லை.

பட்டியல் டெல்லி வேலை, சாதிச் சான்றிதழ் தாசில்தார் வேலை. ஆனால் பிறப்புப் பதிவு, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் கதிர்காமத்துக்கு உழவர்கரை நகராட்சியின் கையில். பிறப்புச் சான்றிதழ் இல்லாத இருளர் குழந்தை, பள்ளி வாசலிலிருந்தே சிக்கலைச் சந்திக்கிறது. பேறுகால வாரத்திலேயே குடியிருப்புக்குப் போய்ப் பதியும் ஊழியர் ஒருவர், பத்து மாநாடுகளுக்குச் சமம்.

நகராட்சிகள் வேறென்ன செய்யலாம் என்பதற்குக் கனடாவைப் பார்க்கலாம். அங்கே பழங்குடியினருக்கு இழைத்த அநீதியை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் சில நகராட்சிகளையும் நோக்கியவை. ஊழியர்களுக்குப் பழங்குடி வரலாற்றைக் கற்பிப்பது அவற்றில் ஒன்று. தங்கள் நகரம் பூர்வகுடிகள் விட்டுக்கொடுக்காத நிலத்தில் நிற்கிறது என்று வான்கூவர் மன்றம் 2014லேயே ஏற்றுக்கொண்டது.

இங்கே அப்படித் தீர்மானம் போட மன்றம் வேண்டுமே! 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி குறித்தும், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் தேர்தல் நின்றுபோனது.