ரோஷத்துக்கு ஸ்கேல் கிடையாது, பாப்பா

வா பாப்பா. செருப்ப வாசல்ல விடாதே, உள்ள கொண்டாந்து வை. நம்ம சேவலுக்கு லாயர் செருப்புன்னா தனி ருசி. போன தீபாவளிக்கு நீ விட்டுட்டுப் போன ஜோடியோட வாரை இன்னும் கொத்திக்கிட்டுத் திரியுது. நோட்டீஸ் கீட்டீஸ் அனுப்பிடாதே. அதுக்குச் சொத்துபத்து கிடையாது, நீ ஜெயிச்சாலும் வசூல் ஆகாது.

உக்காரு. மூஞ்சி ஏன் ரெண்டு நாள் மழையில கெடந்த ஒட்டுப்பால் மாதிரி இருக்கு? ஓ, கட்டணத்தச் சொன்னா ஆளுங்க உன்னையவே முறைக்கிறாங்களா? மலாக்கா டவுன்ல மாடியில ஆபீஸ் போட்டுட்டு, ஜாசின் பக்கம் நாப்பது வருஷம் பால்மரம் வெட்டின கிழவன்கிட்ட யோசனை கேக்க வந்திருக்கே பாரு, அங்கதான் நீ பொழைச்சுக்குவேன்னு எனக்குத் தெரியுது.

எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது என்ன தெரியுமா? கத்தி எவ்வளவு ஆழம் போகணும்ங்கறது. மேலோட்டமாச் சீவினா மங்குல பால் நிக்காது. ஆழமாப் போனா மரத்துல காயம் விழும், அப்புறம் அந்தப் பக்கம் முண்டும் முடிச்சுமா வளந்து, அடுத்த தடவை கத்தி வைக்க எடம் இருக்காது. மண்டோர் பின்னாடியே வந்து காயத்த எண்ணுவார். உங்களுக்கும் அப்படி ஒரு மண்டோர் இருக்காரே, வீடு நிலம் கைமாத்துற வேலைக்கு இவ்வளவுதான் வாங்கணும்னு ஸ்கேல் போட்ட உத்தரவு? அதத்தான் சொல்றேன்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்துல ஆறாவது. கணக்க மட்டும் பால் ஸ்டோர்ல தராசுக்குப் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேன். கிராணி எழுதறதுக்குள்ள நான் மனசுல போட்டு முடிச்சுருவேன், அதனாலயே அவருக்கு என்னைப் புடிக்காது. இப்பப் பாரு. ஒருத்தன் 3 லட்சம் வெள்ளிக்கு ஒரு வீடு வாங்குறான். 2006-ல வந்த ஸ்கேல்படி முதல் ஒன்றரை லட்சத்துக்கு 1 விழுக்காடு, மிச்சத்துக்கு 0.7. லாயருக்கு 2,550 வெள்ளி. 2017 மார்ச்சு 15-ந் தேதி மாத்தினாங்க, முதல் 5 லட்சம் பூராவுக்கும் 1 விழுக்காடு. 3,000 ஆச்சு. 2023 ஜூலை 15-லேருந்து அதுவே 1.25. இப்போ 3,750. ஆக 17 வருஷத்துல 1,200 வெள்ளி ஏத்தம்.

அதிகம்னு நான் சொல்லல. நீ அஞ்சு வருஷம் படிச்சதுக்கு உங்கப்பன் வாங்கின கடன் எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, வீட்டு விலை ஏறினா உன் விழுக்காடும் கூடவே ஏறிக்குது பாரு, அந்த சூட்சுமத்தக் கண்டு புடிச்சவன் கெட்டிக்காரன். எங்க சம்பளத்தையும் ரப்பர் விலையோடதான் கட்டி வச்சிருந்தாங்க. விலை எறங்குறப்ப மட்டும் அந்தக் கயிறு ரொம்ப கெட்டியா இருக்கும்.

சரி, 3,750-ஓட நின்னுச்சா? சேவை வரின்னு ஒண்ணு. 2018 செப்டம்பர்ல 6 விழுக்காடா இருந்தது, 2024 மார்ச்சு 1-லேருந்து 8. அது ஒரு 300 வெள்ளி. அப்புறம் பேர் மாத்துற பத்திரத்துக்கு ஸ்டாம்பு. முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2. இந்த வீட்டுக்கு 5,000 வெள்ளி. முதல் வீடுன்னா சலுகை உண்டு, நம்ம ஆளு ரெண்டாவது வீடு வாங்குற பெரிய மனுஷன்னு வச்சுக்குவோம்.

நீ என்ன பண்றே? எல்லாத்தையும் ஒரே காகிதத்துல எழுதி, அடியில கோடு போட்டு, 9,050 வெள்ளின்னு கொட்டை எழுத்துல காட்டுறே. அவன் மேல எதையும் படிக்க மாட்டான். கோட்டுக்குக் கீழதான் பாப்பான். அவன் கண்ணுக்கு நீ ஒரு கையெழுத்துக்கு 9,050 வெள்ளி வாங்குறவ. அன்னைக்கு ராத்திரி டீக்கடையில உட்காந்து லாயருங்களத் திட்டுவான். ஸ்டாம்ப எவனாவது திட்டிப் பாத்திருக்கியா? திட்ட மாட்டான். அதுக்கு மூஞ்சி கிடையாது. உனக்கு இருக்கு, அதுவும் ஒட்டுப்பால் மாதிரி.

இனிமே ரெண்டு காகிதமா எழுது. சர்க்கார் காகிதத்த முதல்ல நீட்டு. அதப் பாத்து நெஞ்சப் புடிச்சுக்குவான். கொஞ்சம் தண்ணி குடு. மூச்சு சீரானதும் உன் காகிதத்த நீட்டு. சின்னதாத் தெரியும். நன்றி கூடச் சொல்லுவான்.

இது வீடு வாங்குற கதை. கோர்ட்டுக் கேசுக்கு ஸ்கேல் கிடையாது, பேசி முடிக்கிறதுதான். ஜெயிச்சாப் பங்கு தாங்கன்னு பேசக் கூடாதுன்னு 1976-லயே உங்க தொழில் சட்டத்துல எழுதி வச்சுட்டாங்க. ஆக்சிடன்ட் வார்டுக்கு ஆப்பிள் பழத்தோட வந்து கால் ஒடிஞ்சவன்கிட்ட கையெழுத்து வாங்குறானே ஒரு புரோக்கர், அவன் அந்தப் பக்கத்தப் படிச்சதில்ல போல.

பைலிங் கட்டணம் ஏறுது ஏறுதுன்னு வேற எல்லாரும் பொலம்புறாங்க. அந்தக் காலத்துல லாயர் ஆபீஸ் கிராணி காகிதக் கட்ட கக்கத்துல இடுக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஓடுவார். இப்போ நீ ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள இருந்தே கம்ப்யூட்டர்ல பைல் பண்றே. எதிராளி தூங்குறப்பவே கேசு பொறந்துடுது. அதுக்கு எவ்வளவு கட்டினாலும் ரசீது வரும், விடு. ரசீது வராத செலவு ஒண்ணு இருக்கு, அதச் சொல்றேன் கேளு.

நாங்க இருந்த ஒரு தோட்டத்துல கோவில் திருவிழா. முதல் மாலை யாருக்குன்னு ரெண்டு குடும்பத்துக்குள்ள தகராறு. அந்த மாலைய நான்தான் பஸ்ஸுல போய் வாங்கிட்டு வந்தேன். 12 வெள்ளி. வாழை நார்ல கட்டின செவ்வந்தி, நடுவுல ரெண்டு ரோசாப்பூ, அதுல ஒண்ணு பஸ்ஸுலயே உதுந்து போச்சு. பதினொரு வெள்ளிக்கு மதிப்பு எறங்கின அந்த மாலைக்கு ரெண்டு பக்கமும் லாயர். கோர்ட்டுக்குப் போற அன்னைக்கெல்லாம் சாட்சி சொல்ற நாலு பேருக்கு நாள் சம்பளம், வேன் வாடகை, போறப்ப நாசி லெமாக், வர்றப்ப வேற பானம். ஒரு குடும்பத்துல தாலிக்கொடி அடகுக்குப் போச்சு, இன்னொண்ணுல மகனோட மோட்டார் சைக்கிள். அதுக்கெல்லாம் எவன் ரசீது குடுத்தான்? கேசு நடக்கறப்பவே தோட்டத்த வித்துட்டாங்க. பால்மரத்த எல்லாம் சாச்சு செம்பனை போட்டாங்க. லயத்த இடிச்சாங்க, கோவிலையும் வேற எடத்துக்கு நகத்தச் சொல்லிட்டாங்க. சாமி போற அன்னைக்கு மாலை போட ஆளு இல்ல. நான்தான் போட்டேன். ஆமா, முதல் மாலை எனக்குத்தான் கெடச்சுது, கேசே போடாம.

சிரிக்கிறே. இது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லம்மா. நீ படிச்ச மலாய் இலக்கியத்துல செஜாரா மெலாயுன்னு ஒரு புஸ்தகம் இருக்கே, அதுல வர்ற கேச உங்க காலேஜுல சொல்லிக் கொடுத்தாங்களா? சுல்தான் மாமூட் காலம். ராஜா முதலியார்னு நம்ம ஆளு, மலாக்காவுலயே பெரிய பணக்காரர், துறைமுகத்துக்கு ஷாபந்தர். இன்னொருத்தர் நைனா சூரதேவன், வணிகருங்களுக்குத் தலைவர். ரெண்டு பேருக்கும் வழக்கு. பெண்டாஹாரா, அதான் சுல்தானோட தலைமை அமைச்சர், துன் முத்தாஹிர் முன்னாடி போய் நின்னாங்க. அவருக்கும் நம்ம பக்கத்து முஸ்லிம் வம்சத்து ரத்தம் உண்டுங்கறாங்க. பொழுது சாஞ்சுடுச்சு, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டார்.

வாய்தா, பாப்பா. ஒரே ஒரு வாய்தா.

ராத்திரி நைனாவுக்குத் தூக்கம் வரல. அவன் பணக்காரனாச்சே, விடியறதுக்குள்ள பெண்டாஹாராவக் கவனிச்சுட்டா என் கதி என்னன்னு, இவரே முந்திக்கிட்டுப் பொன்ன எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டார். நைனாவுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன், கித்துல்னு பேரு. அவன் முதலியாருக்கு ஒரு கட்டிப் பொன் கடன். அவன் நேரா முதலியார்கிட்ட ஓடி, பெண்டாஹாரா காசு வாங்கிட்டார், உங்க உசுருக்கே உலை வைக்கப் போறாங்கன்னு பத்த வச்சான். முதலியார் அந்த எடத்துலயே கடனத் தள்ளுபடி பண்ணிட்டார். அப்புறம் பொன்னும் மணியுமா அள்ளிக்கிட்டு கடற்படைத் தலைவர் லக்சமணா கோஜா ஹசான்கிட்ட போனார். பெண்டாஹாரா சிம்மாசனத்துக்கே குறி வச்சிருக்கார்னு சொன்னார். அது சுல்தான் காதுக்குப் போச்சு. சுல்தானுக்கு ஏற்கெனவே பெண்டாஹாரா மேல ஒரு காய்ச்சல். 1510-ல அவரையும் குடும்பத்து ஆளுங்களையும் கொன்னு போட்டாங்க. உண்மை வெளிய வந்ததும் கித்துலும் போனான், முதலியாரும் போனார். அடுத்த வருஷம் போர்த்துகீசியன் பீரங்கியோட வந்து எறங்கினான். அவன் வந்ததுக்கு இந்தக் கேசுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வீட்டுக்குள்ள இவ்வளவு அடிதடி நடந்தா வாசல்ல காவலுக்கு எவன் நிப்பான்?

ஆரம்பத்துல என்ன வழக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கும் இல்ல. யாருக்கும் இல்ல. அதுக்குத்தான் சொல்றேன், உன் ஸ்கேல்ல வீட்டுக்கு வெலை இருக்கு, நிலத்துக்கு வெலை இருக்கு, ரோஷத்துக்கு வெலை போடல. அங்கதான் உங்களுக்குப் பால் ஊறுது. ஆழமா மட்டும் கீறிடாதே.

பொய்யாத விநாயகர் கோவிலுக்குப் போயிருக்கியே, துக்காங் எமாஸ் தெருவுல? 1781-ல கட்டினதும்பாங்க, மலாக்கா செட்டிங்க கோவில். அவர் பேரக் கேட்டாலே நம்ம ஆளுங்களுக்குத் தொடை நடுங்கும். எங்க காலத்துல சில்லறைத் தகராறுன்னா சாமி முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லிடுவாங்க. பைலிங் கட்டணம் ஒரு தேங்காய், ரெண்டு கட்டி சூடம். பாதிப் பேரு சூடம் எரியறப்பவே ராஜியாயிடுவான். அதே ஆளு உங்க ஆபீஸ்ல வந்து அபிடவிட்டுல கையெழுத்துப் போடறப்ப கை கொஞ்சங்கூட நடுங்கறதில்ல. ஏன்னா அங்க சூடு இல்ல, ஏர்கான்.

இப்போ ஒரு ரகசியம். என் பேர்லயும் ஒரு கேசு இருக்கு. உனக்குத் தெரியாது, அப்போ நீ பள்ளிக்கூடம். ஒரு கடையில ஐஸ் பெட்டி வாங்கினேன், 1,150 வெள்ளி. வந்த மூணாம் நாளே உள்ள வச்ச மீனு வெளிய வச்ச மீன விட சீக்கிரம் கெட்டுப் போச்சு. கடைக்காரர் இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய விட்டார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல மனு குடுன்னு பழைய சங்கத்து ஆளு ஒருத்தர் சொன்னார். கட்டணம் 5 வெள்ளி. அஞ்சே அஞ்சு. நான் டவுனுக்குப் போன பஸ் காசு அத விட ஜாஸ்தி.

விசாரணை அன்னைக்கு நான் ஐஸ் தட்ட பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நாள் ஐஸ் பெட்டிக்குள்ள இருந்த தண்ணி, தொட்டுப் பாருங்கய்யான்னு மேசை மேல வச்சேன். பஸ்ஸுல பாதி சிந்திப் போச்சு, மிச்சம் பாதி அந்த ஐயாவோட பைல்ல சிந்திச்சு. அவர் சிரிச்சுட்டார். கடைக்காரர் சிரிக்கல. அங்க லாயர் வச்சுக்கக் கூடாது பாரு, அவர் தனியா உக்காந்திருந்தார், மழையில குடைய விட்டுட்டு வந்தவன் மாதிரி. காசத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு. 14 நாளைக்குள்ள தரலைன்னா அதுவே குத்தம்னு சொன்னதும், ஒன்பதாம் நாளு காசு வீட்டுக்கே வந்துடுச்சு. ரசீத பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன், உங்க பாட்டி நகைக்குப் பக்கத்துல. அப்பல்லாம் அங்க 25,000 வெள்ளி வரைக்கும்தான், 2019-ல 50,000 ஆக்கிட்டாங்க.

உன் தொழிலக் கெடுக்கறேன்னு முறைக்காதே. மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயும் 5,000 வெள்ளிக்குள்ள சின்ன கேசுன்னா லாயர் இல்லாம அவனவனே பேசிக்கலாம். கூலி பாக்கின்னா தொழிலாளர் இலாகாவுக்குப் போனா பைலிங் காசே கிடையாது. பையன போலீஸ் புடிச்சுட்டா, சம்பளம் கம்மியான குடும்பத்துக்கு 2012-லேருந்து தேசிய சட்ட உதவி அறநிறுவனம் லாயர் அனுப்புது. அப்பன் செத்து நிலம் பேர் மாத்தணும்னா ஹைகோர்ட்டுக்கு ஓட வேணாம், சின்ன சொத்துன்னா நில இலாகாவுலயே பாத்துக்கலாம். 2022-ல சட்டத்த மாத்தி அந்தச் சின்ன சொத்த 20 லட்சத்துலேருந்து 50 லட்சம் வெள்ளிக்குத் தூக்கிட்டாங்க. தோட்டத்துல வேலை செஞ்சவன் விட்டுட்டுப் போனது 50 லட்சத்துக்குள்ளதான் இருக்கும்னு நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன்.

இத்தனை கதவு தெறந்து கெடந்தாலும் நம்ம ஆளு உன் மாடிப்படியத்தான் ஏறுவான். ஏன் தெரியுமா? அஞ்சு வெள்ளியில கேசு போட்டேன்னு ஊர்ல சொன்னா கௌரவமா இருக்காது. "என் லாயர் பாத்துக்குவாங்க"ன்னு சொல்லணும் அவனுக்கு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உனக்குக் காசு. அத நீ சட்டத்துக்குக் குடுக்கற காசுன்னு நெனச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சுப் படிக்கிறே. படி, படி. நல்லதுதான்.

ஸ்ஸ்... கேட் சத்தம் கேக்குதா? உன் காரப் பாத்துட்டாங்கடி. பக்கத்து வீட்டு அண்ணன். அவரோட சகலை வீட்டு ரம்புத்தான் கிளை வேலி தாண்டி இவர் கூரையில விழுதாம், ஒரு மாசமா சட்டம் பேசிக்கிட்டிருக்கார். தகரத்துல விழுந்த ஓட்டைக்கு 40 வெள்ளி ஆகும். சகலை மகன் கல்யாணத்துல இவருக்குப் பந்தியில ரெண்டாவது வரிசை, அதான் விஷயம்.

நீ உள்ள போய் பாட்டி கூட தோசை ஊத்து. லாயரம்மா குளிக்கறாங்கன்னு சொல்லிக்கறேன். முதல்ல ரெண்டு ரம்புத்தான் சாப்பிட வச்சு, அந்த வரிசைக் கதையக் கேட்டு முடிக்கிறேன். அதுக்குக் கொறஞ்சது ஒரு மணி நேரம் ஆகும். மணிக்கு எவ்வளவு போடறே நீ? சரி, அதுல பாதி எனக்கு.

எட்டு விழுக்காடு தனி.