தள்ளுல, நான் செஞ்சு தாரேன்

ஏ மருமவனே, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. மூணாங்கிளாஸ் படிக்கிறது உம் மவனா, நீயா? போன வருசம் தாஜ்மகாலைத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனியே, தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு. தெர்மாகோல்ல நாலு மினார், சுத்தியும் சீரியல் பல்பு. பய உம் பின்னால தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வாரான். பரிசும் வந்துட்டாமே! கெட்டிக்காரன்தான். இனிமே அவன் பரீட்சையையும் நீயே எழுதிரு, பய நிம்மதியா உறங்கட்டும்.

இப்ப, உலகத்துல பேர்போன கலைப்படைப்பு ஒண்ணை எடுத்துக்கிட்டு, தொட்டுச் சுத்திப் பாக்குற மாதிரி செஞ்சு கொண்டாங்கன்னு டீச்சர் சொல்லிட்டாவளாம். நீ உடனே செல்போனைத் திறந்து, ஈபிள் கோபுரத்துக்கு எத்தனை ஐஸ் குச்சி வேணும்னு தேடுதியாம். தேடு, தேடு. கோவில்பட்டிக்குப் போயி கழுகுமலைக்கு பஸ் ஏறலாம்னு அந்த போன் உனக்குச் சொல்லவா போவுது?

அங்கன இருக்கிற வெட்டுவான் கோயிலை நீ பாத்ததில்ல. ஊட்டியைப் பாத்திருக்கே. எட்டாம் நூத்தாண்டு, பாண்டியன் காலத்து வேலை. கல்லு மேல கல்லை அடுக்கிக் கட்டுனது இல்ல அது. மலையைச் சுத்திலும் தோண்டி, ஏழு மீட்டருக்கு மேல ஆழமா இறக்கி, நடுவுல மிச்சம் நின்ன பாறையைக் கோயிலாக்கிட்டான். சிகரம் முதல்ல, அடித்தளம் கடைசியில. வீடு கட்டுத கொத்தனார்கிட்ட இப்பிடிச் சொல்லிப் பாரேன், அட்வான்சைத் திருப்பிக் குடுத்துட்டு ஓடிருவான். ஆனா யோசிச்சா அதுதான் லேசான வழி. சாரம் கட்டுத செலவு இல்ல, நிக்கிற பாறையே சாரம். அடித்தளம் முடியுமுன்ன வேலை நின்னு போச்சு. ஆயிரத்து இருநூறு வருசமா அரைகுறையாத்தான் நிக்கு, ஒருத்தனும் மார்க்கைக் குறைக்கல. மேல ஒரு தட்சிணாமூர்த்தி இருக்காரு. உபதேசத்தை விட்டுட்டு மிருதங்கம் வாசிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நமக்குப் பிடிச்ச சாமி.

பயலுக்கு ஒரு குளியல் சோப்பு வாங்கிக் குடு. புதுசா வாங்கு, பழைய கட்டி காஞ்சு வெடிச்சுக்கிடும். கத்தி வேண்டாம், மழுங்குன ஸ்பூனு, ஈர்க்குச்சி, ஐஸ் குச்சி போதும். (ஈபிள் கோபுரத்துக்கு வாங்கப் பாத்தியே, அதே குச்சிதான்.) சோப்பைப் படுக்கப் போட்டு, ஓரத்துல கொஞ்சம் விட்டு, சுத்திலும் பள்ளம் பறிக்கச் சொல்லு. நடுவுல மேடா நிக்கும் பாரு, அதுல உச்சியைத்தான் முதல்ல தொடணும். அடியில இருந்து குடைஞ்சான்னா மேல இருக்கிறது பொளக்குன்னு விழும். சிற்பி ஏன் மேல இருந்து இறங்குனான்னு நீ பாடம் நடத்த வேண்டாம், சோப்பே நடத்திரும். யாளிக்கு மூக்கு உடைஞ்சுட்டுன்னா ஒட்ட முடியாது. அவன் அதைக் குரங்காக்கிருவான். ஆக்கட்டும். சீவுன தூளைப் பொண்டாட்டிகிட்ட குடு, துணிக்கு ஆவும்.

அந்தக் கோயிலைப் பத்தி ஒரு கதை சொல்லுவாவ. அப்பனும் மவனும் சிற்பிகளாம், போட்டி போட்டு ஆளுக்கொரு கோயில் செஞ்சாவளாம். மவன் கை முந்திட்டுன்னு தெரிஞ்சதும் அப்பனுக்குப் பொறுக்கல, அடிச்சே கொன்னுட்டானாம். அதனாலதான் வேலை பாதியில நின்னுதாம். கதைதான். ஆனா நீ அன்னைக்கு, "தள்ளுல, உனக்கு வராது, நான் செஞ்சு தாரேன்"னு அவன் கையில இருந்த கோந்து டப்பாவைப் பிடுங்குன பாரு, எனக்கு அந்தக் கிழட்டுச் சிற்பி ஞாபகம்தான் வந்துச்சு. அவனாவது கெட்டிக்கார மவன்னு பொறாமைப்பட்டான். உனக்கு என்ன கேடு?

உம் மவளுக்கு, முத்துக் கம்மல் போட்ட வெளிநாட்டுப் பொண்ணு படத்தைச் செய்யணுமாம். செய்யட்டும். அது 1665 வாக்குல வெர்மீர்ங்கிற டச்சுக்காரன் வரைஞ்சது. 1658-லயே டச்சுக்காரன் போர்ச்சுக்கீசியன்கிட்ட இருந்து நம்ம தூத்துக்குடியைப் பிடிச்சிட்டான். உடனே நீ டீக்கடையில போயி, "அந்த முத்து நம்ம முத்துப் பாருல எடுத்தது"ன்னு அடிச்சு விடாத. ஆராய்ச்சிக்காரவிய உத்து உத்துப் பாத்ததுல, அதைக் காதுல மாட்டக் கொக்கியே இல்லியாம். வெள்ளைச் சாயத்துல நாலு தீத்தல், அம்புட்டுத்தான். அந்தப் படம் 1881-ல ஏலத்துக்கு வந்து ரெண்டு கில்டர் சில்லறைக்குப் போச்சு. ஏலம்னா நம்ம ஊரு முத்துச் சிலாபத்துல விட்டாவளே, அது! சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்குல விடுவாவ. உள்ள முத்து இருக்கோ மண்ணு இருக்கோ, வாங்குனவன் பாடு. 1961-க்குப் பிறகு அதுவும் இல்ல.

நீ கடையில பிளாஸ்டிக் முத்து வாங்கிட்டு வந்து அவ காதுல மாட்டிராத. களிமண்ணை உருட்டிக் காய வச்சு, செய்தித்தாளைத் துண்டு துண்டாக் கிழிச்சு, பசையில தோய்ச்சு ஒரு சுத்து ஒட்டச் சொல்லு. காஞ்ச பிறகு அடுத்த சுத்து. அவசரப்பட்டு ஈரத்து மேல ஒட்டுனா உள்ள பூசணம் பிடிக்கும். எங்க ஆச்சி பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் உரல்ல போட்டு ஆட்டி, பானை மேல அப்பி, கூடை செய்வா. அந்தக் கைவேலைதான் இது. சிப்பியும் இப்பிடித்தானே, உறுத்துதது எதுவோ அதைச் சுத்தி மேல மேல பூசிக்கிட்டே இருக்கு. 1973-ல நம்ம ஊரு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரவிய சிப்பிக்குள்ள கையால ஒரு மணியை வச்சு முத்து எடுத்துக் காட்டுனாவ. எம்புட்டுப் படிச்சவிய! மணியை வச்ச பிறகு முத்து செய்யுத வேலையைச் சிப்பிகிட்டயே விட்டுட்டாவ. நீ விடுவியா?

இன்னும் யோசனை வேணுமா? பிக்காசோ 1942-ல ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேத்து மாட்டுத்தலை ஆக்கிட்டாரு. நம்ம வீட்டுல கிடந்திருந்தா, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு பேரீச்சம்பழம் தின்னுருப்போம்.

கால்டர்னு ஒரு அமெரிக்கக்காரன், எஞ்சினியருக்குப் படிச்சவன். அவுக அம்மா அப்பா உன்ன மாதிரி இல்ல போல. பாரிசுல கம்பி, தக்கை, துணி வச்சு ஒரு சர்க்கஸே செஞ்சு, தரையில உக்காந்து தானே ஆட்டிக் காட்டுனான். பிறகு காத்துல ஆடுத தொங்கல் சிற்பம். 1955-ல அகமதாபாத்துக்கே வந்து சாராபாய்னு ஒரு வீட்டாருக்குச் செஞ்சு குடுத்துட்டுப் போனான். பிள்ளைய அப்பிடி ஒரு தொங்கல் செய்யணும்னா, நம்ம திரேஸ்புரத்துல வலைக்காரவியகிட்ட கேட்டா, கழிச்சுப் போட்ட மிதவையும் நைலான் கயிறும் தருவாவ. கேட்டு வாங்கு, சும்மா எடுத்துட்டு வராத. அடிக்கம்பியை முதல்ல கட்டி, விரல்ல தொங்க விட்டு, நடு பாத்துட்டுத்தான் மேல் கம்பி. கோயில் மேல இருந்து கீழ வந்துது, இது கீழ இருந்து மேல போவுது. ரெண்டையும் செஞ்ச பிள்ளைக்கு எது எதுக்கு எந்தப் பக்கம் தொடங்கணும்னு தானாத் தெரிஞ்சிரும்.

சொல்ல மறந்துட்டேன், அலங்காரத்துக்குன்னு கரையில பவளத் துண்டைப் பொறுக்கிராத. வன உயிரினச் சட்டத்துல புலிக்கு இருக்கிற அதே பட்டியல்ல பவளமும் இருக்கு. பிள்ளைக்குப் பரிசு, உனக்கு ஜாமீன்னு ஆயிரும். ஞாயித்துக்கிழமை குழம்பு வச்ச மட்டியோட ஓடு போதும், கழுவிக் காய வையி.

பய சோப்பைக் கொண்டு போனதும், "என்னல, கோயில் பாதியில நிக்கு?"ன்னு டீச்சர் கேப்பாவ. "அசலும் அப்பிடித்தான் டீச்சர்"னு சொல்லச் சொல்லு. இந்த யோசனைக்குக் கூலி கால் கிலோ மக்ரூன். முந்திரி கூடுதலாப் போட்டதா வாங்கு. பல்லு போனவன்னாலும் நாக்கு இருக்குல்லா.