பெரியவள் நடந்தாள், சின்னவள் நடத்தினாள்

இரட்டைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எல்லாம் இரண்டாக வரும். யோசனை மட்டும் பத்தாக வரும். என் மகளின் இரண்டு பெண்களுக்கும் ஒரு வயது முடிந்ததிலிருந்து, தெருவில் ஆளுக்கொரு அளவுகோலோடு வந்து போகிறார்கள். ஒற்றைப் பிள்ளை என்றால் ஒப்பிட அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். இங்கே அதே பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

"ஏன் பெரியப்பா, இது நடக்குது, அது இன்னும் குந்திக்கிட்டே இருக்கே?"

இது என்பது பெரியவள், அது என்பது சின்னவள். நாலு நிமிஷ வித்தியாசம். இரண்டும் அச்சில் வார்த்தது போல இருப்பதால் பெரியவளுக்கு இடது கன்னத்திலும் சின்னவளுக்கு வலது கன்னத்திலும் திருஷ்டிப் பொட்டு. குளிப்பாட்டினால் பொட்டு போய்விடும். அடுத்த பொட்டு வைக்கும்வரை யாரும் யாராகவும் இருக்கலாம். மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியபோது, ஒருத்திக்கே இரண்டு முறை குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவல் போட்டார்கள். நல்லவேளை, குத்து வாங்கியவள் அழுதாள். கெட்டவேளை, அதைப் பார்த்து மற்றவளும் அழுதாள்.

சின்னவள் தவழவே இல்லை. சிவப்புச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மறுகால் குதிகாலை ஊன்றி உடம்பை இழுத்தால், கூடத்திலிருந்து அடுப்படிக்குச் சர்ரென்று போய்விடுவாள். எங்கள் காரைக்காலில் கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். தெற்கு வாசலைத் திறந்துவிட்டால் வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்கே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று பயந்து, வாசலில் பலகை வைத்து அடைத்திருக்கிறோம்.

அவள் நடக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நிர்வாகத் திறமை. ஆள்காட்டி விரலை நீட்டி "ம்" என்பாள். பெரியவள் சுவரைப் பிடித்து எழுந்து, தத்தித் தத்திப் போய் அந்தப் பொருளை எடுத்து வருவாள். கூலியாக, தரையில் கிடக்கும் முறுக்குத் துணுக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து அக்காள் வாயில் வைப்பாள் சின்னவள். சுட்டிக்காட்டுவதும் இரண்டு விரலால் கிள்ளி எடுப்பதும் இந்த வயதில் டாக்டர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வளர்ச்சிகள்தான். தெருவுக்குத்தான் கால் மட்டும் தெரிகிறது. நடைவண்டி வாங்கி வந்தோம். பெரியவள் தள்ளுகிறாள், சின்னவள் அதன் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போகிறாள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைக் கவனித்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடப்பது 8.2 மாதத்திலும் வரலாம், 17.6 மாதத்திலும் வரலாம். நடுவில் ஒன்பது மாத இடைவெளி, இன்னொரு பிள்ளையே பெற்றுவிடலாம். நூற்றில் நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்களாம். இதைத் தெருவில் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்க" என்றார்கள். கணக்கில் வந்த இந்தியப் பிள்ளைகள் டெல்லிக்காரர்கள்; டெல்லி இங்கே வெளிநாடுதான்.

நிஜ வெளிநாடும் விடவில்லை. பிரெஞ்சுக்காரன் 1954இல் போய்விட்டாலும் அவன் கொடுத்த குடியுரிமை இங்கே பல வீடுகளில் தங்கிவிட்டது. பாரிஸ் பக்கம் இருக்கும் என் அக்கா, அங்கே பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் சுகாதாரக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பரீட்சை நடத்துகிறாள். "டாட்டா காட்டச் சொல்லுடா தம்பி." பெரியவள் காட்டினாள். சின்னவள் போனையே அணைத்தாள். அதற்கு எத்தனை மார்க் என்று கையேட்டில் இல்லையாம்.

பிள்ளைத்தமிழ் இலக்கணமும் பொல்லாததுதான். மூன்றாம் மாதம் காப்பில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாக ஏற்றிக்கொண்டே போய், ஒன்பதில் சப்பாணி கொட்டு, பதினொன்றில் முத்தம் கொடு, பதின்மூன்றில் நடந்து வா என்கிறது. எழுதிய புலவர்கள் வீட்டில் இரட்டைப் பிள்ளை இருந்திருக்காது.

என் மனைவியின் அட்டவணை தின்பண்டத்தில் ஓடுகிறது. குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் பாயசம். இரண்டு பேரும் ஒரே நாளில் எதையும் செய்வதில்லை என்பதால் எல்லாம் இரண்டு தடவை. பல் முளைக்காத விழா நாயகிகளுக்குப் பதிலாக நான்தான் சாப்பிடுகிறேன். என் மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்தாலே பேத்திகளின் வளர்ச்சி தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இரட்டையரில் பாதிக்கு மேல் குறித்த நாளுக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். இவர்களும் ஐந்து வாரம் முந்திக்கொண்டார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் டாக்டர்கள் வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள். ஆக, கேக் வெட்டிய அன்று டாக்டர் கணக்கில் இவர்களுக்குப் பதினொரு மாதம்கூட ஆகவில்லை. செலவு மட்டும் முழு வருஷத்துக்கு. பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்காவிட்டாலோ, செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று மறந்துவிட்டாலோ காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதுவரை அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா வருகிறது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்று குறைந்ததால் வந்ததுதான் காரைக்கால் அம்மையார் கதையே. இரண்டாவது கனியை அம்மையாருக்குச் சிவன் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை. வருகிறவர்கள் தயவுசெய்து ஜோடியாகக் கொண்டு வாருங்கள்.