கொடுத்தால் இறங்கும்

பியர்-டு-பியர் வலையமைப்பில் ஒரு கோப்பு எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவுசெய்கின்றன. கோப்பை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர். அவர்கள் கொடுக்கும்படி கேட்பவர் நடந்துகொள்கிறாரா. கேட்பவரின் கணினியை வெளியிலிருந்து எட்ட முடிகிறதா. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் கண்ணில் படும் எண்களையெல்லாம் மாற்றிப் பார்ப்பது பயனாளர்களின் நெடுநாள் வழக்கம். அதனால் வேகம் கூடுகிறதோ இல்லையோ, கோப்பு இறங்கும்வரை பொழுது போகிறது.

கொடுப்பதில்தான் ஆரம்பத்திலிருந்தே சிக்கல். 1999இல் வந்த நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவையில் பாட்டெல்லாம் பயனாளர்களின் கணினிகளில் இருந்தது. எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. வழக்குப் போட வந்த இசை நிறுவனங்களுக்கு முகவரி தேடி அலையும் சிரமம் ஏற்படவில்லை. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் ஓய்ந்தது. நடு சர்வரே வேண்டாம் என்று 2000இல் வந்தது நுடெல்லா. அதே ஆண்டில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தின் ஏதன் ஆடர், பெர்னார்டோ ஹூபர்மேன் இருவரும் அதில் கணக்கெடுத்தார்கள். பயனாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. தேடலுக்குக் கிடைத்த பதில்களில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சதவீதம் பேரிடமிருந்து வந்தது. பெயர் பகிர்வு வலையமைப்பு. நூற்றுக்கு எழுபது பேர் கையை வீசிக்கொண்டு வந்திருந்தார்கள்.

2001இல் வந்த கசா இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. கொடுப்பவருக்கு மதிப்பெண், மதிப்பெண் கூடியவருக்கு வரிசையில் முன்னிடம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் பொறுப்பைப் பயனாளரின் கணினியிடமே விட்டுவிட்டார்கள். கசா லைட் என்று ஒரு திருட்டுப் பதிப்பு வந்து, மதிப்பெண்ணை எப்போதும் உச்சமான 1000இல் நிறுத்திவைத்தது. ஒரு பைட் கொடுக்காதவரும் மகா கொடையாளி ஆனார். தன் மதிப்பெண்ணைத் தானே போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் யாரும் தோற்பதில்லை.

அதே 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிட்டொரென்ட், மனிதர்களின் தாராள குணத்தை நம்பவில்லை. கோப்பு முதலில் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இன்றைய உபுண்டு லினக்ஸின் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 6 ஜிபி. அதை 256 கிலோபைட் துண்டுகளாக்கினால் சுமார் 24,000 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. வந்த துண்டு குறியோடு பொருந்தாவிட்டால் குப்பைக்குப் போகும். பொருந்தினால் அந்த நொடியிலிருந்தே அதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆகவே பாதிக் கோப்பு வைத்திருப்பவரும் கொடுக்கக்கூடியவரே. 'முழுசாக வரட்டும், அப்புறம் தருகிறேன்' என்ற சாக்கு இங்கே எடுபடாது.

யாருக்குக் கொடுப்பது என்பதற்குக் கோஹன் வைத்த விதி அப்படியே மொய் நோட்டுதான். கல்யாண வீட்டு வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர், யார் எவ்வளவு செய்தார் என்று எழுதிவைக்கிறார். செய்தவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் செய்யவேண்டும். பிட்டொரென்டில் ஒவ்வொரு கணினியும் பத்து விநாடிக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டுகிறது. தனக்கு அதிக வேகத்தில் கொடுப்பவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கே அனுப்புகிறது, மற்றவர்களைக் காக்கவைக்கிறது. கோஹனின் மூல வடிவில் இப்படி ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத்தான் இடம். கல்யாண வீட்டு நோட்டைத் தலைமுறை தாண்டியும் பெட்டியில் வைத்திருப்பார்கள். இங்கே அரை நிமிடத்துக்கு முந்தைய பெருமை செல்லாது.

புதிதாக வருபவர் கையில் ஒரு துண்டும் இல்லையே, அவர் எதைச் செய்வார்? அதற்கும் வழி இருக்கிறது. 30 விநாடிக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருக்கு எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. புதியவருக்கு முதல் துண்டுகள் இப்படித்தான் கிடைக்கின்றன. எனவே முதல் சில நிமிடங்கள் டவுன்லோட் ஊர்ந்து செல்வது கோளாறு ஆகாது. அது அறிமுகப் படலம். இந்த நேரத்தில்தான் சராசரிப் பயனாளர் பொறுமை இழந்து மென்பொருளை மூடித் திறக்கிறார். அதுவரை கிடைத்த நான்கு அறிமுகங்களும் போய், படலம் முதலிலிருந்து தொடங்குகிறது. இன்னும் வேகம் வரவில்லையே என்று மறுபடி மூடித் திறக்கிறார். வேகத்தைக் கூட்டும் முதல் வழி, சும்மா இருப்பது.

இரண்டாவது வழி, இறக்கத் தொடங்குமுன் எண்களைப் படிப்பது. முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுப்பவர் ஸீடர். இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர் லீச்சர். ஒரே கோப்புக்கு இரண்டு டொரென்ட் இருந்தால், லீச்சர்களோடு ஒப்பிடுகையில் ஸீடர்கள் அதிகமாக உள்ளதையே எடுக்கவேண்டும். கியூபிட்டொரென்ட் போன்ற மென்பொருள்களில் 'அவெய்லபிலிட்டி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 0.987 என்று இருந்தால், கூட்டத்தில் உள்ள எல்லோருடைய துண்டுகளையும் சேர்த்தாலும் கோப்பில் 98.7 சதவீதம்தான் தேறும் என்று பொருள். நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் 98.7 சதவீதத்தில் வந்து நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் 1.3 சதவீதத்தை வைத்திருந்த புண்ணியவான் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார். அவர் திரும்ப வரும்வரை உலகத்தின் எந்த செட்டிங்ஸும் உதவாது.

இந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே, கூட்டத்தில் அரிதாக இருக்கும் துண்டை முதலில் வாங்கும்படி பிட்டொரென்ட் அமைக்கப்பட்டிருக்கிறது. படம் இறங்க இறங்கவே பார்த்துவிடவேண்டும் என்று 'வரிசைப்படி இறக்கு' என்ற வசதியை அழுத்துபவர்கள் இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறார்கள். எல்லோரிடமும் தொடக்கம் இருக்கும். முடிவு யாரிடமும் இருக்காது.

மூன்றாவது வழி, அப்லோட் அளவைச் சரியாக வைப்பது. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி அப்லோடைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு, மிச்சம் பிடித்ததெல்லாம் டவுன்லோடில் சேரும் என்று காத்திருக்கும். பத்து விநாடிக்குள் அவர்கள் பெயர் எல்லா நோட்டிலும் கடைசிக்குப் போய்விடும். இரண்டாவது கட்சி எல்லையே வைக்காது. பழைய ஏடிஎஸ்எல் இணைப்புகளில் மேலே போகும் பாதை குறுகல். ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் இறங்கியதும் 'வந்து சேர்ந்தது' என்று ஒரு சிறு தகவல் மேலே போகவேண்டும். அப்லோட் பாதையை முழுதும் அடைத்துவிட்டால் அந்தத் தகவலும் வரிசையில் நிற்கும். அது வராத வரை எதிர்முனை அடுத்ததை அனுப்பாது. அள்ளிக் கொடுத்தே நொடித்துப்போகும் பரம்பரை இது. இணைப்பின் அப்லோட் திறனில் சுமார் 80 சதவீதத்தை எல்லையாக வைப்பது இரண்டுக்கும் நடுவழி. பிறகு வந்த யூடிபி என்ற நெறிமுறை, தாமதம் 100 மில்லி விநாடியை நெருங்கும்போது தானே ஒதுங்கி மற்றவற்றுக்கு வழிவிடும். இருபக்கமும் ஒரே வேகம் உள்ள ஃபைபர் இணைப்பில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

நான்காவது, போர்ட். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புகளை உள்ளே விடாது. அப்படி அடைபட்ட கணினி மற்றவர்களைத் தேடிப் போகலாம். மற்றவர்கள் அதைத் தேடி வர முடியாது. அடைபட்ட இருவர் ஒருவரையொருவர் சந்திப்பது மிகக் கடினம். பிட்டொரென்டின் பழைய போர்ட்கள் 6881 முதல் 6889 வரை. பல இணைப்பு நிறுவனங்கள் அவற்றையே குறிவைத்துத் தடுத்ததால், வேறொரு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து ரவுட்டரில் திறந்துவிடுவது நல்லது. யூபிஎன்பி வசதி இயங்கினால் மென்பொருளே திறந்துகொள்ளும். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரியில் வைக்கும் நிறுவனங்களின் இணைப்பில், வீட்டு ரவுட்டரை எத்தனை முறை திறந்தாலும் பயன் இல்லை. அங்கே ஐபிவி6 இருந்தால் அதை இயக்கிவிடுவதே வழி.

ஐந்தாவது, எட்டால் வகுப்பது. இணைப்பை விற்பவர்கள் பிட்டில் சொல்வார்கள்; மென்பொருள் பைட்டில் காட்டும். ஒரு பைட் என்பது எட்டு பிட். இந்தியாவின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. திரையில் அது 32 கிலோபைட்டாகத் தெரியும். மீதி 224ஐ யாரோ வழியில் எடுத்துக்கொண்டதாக எண்ணிப் புகார் செய்தவர்கள் உண்டு. அந்த வேகத்தில் ஒரு சிடி அளவான 700 எம்பி இறங்க ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், அதுவும் வழியில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்று சில திட்டங்கள் இருந்தன. குறித்த நேரத்தில் தானாகத் தொடங்கும் வசதி மென்பொருளில் இருந்தும், அதை நம்பாமல் அலாரம் வைத்து எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தவர்களால் அந்தக் காலம் நிறைந்தது.

இனி பலன் தராத வழிகள். 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஒரே நேரத்தில் முயற்சி நிலையில் இருக்கும் இணைப்புகளைப் பத்தாக மட்டுப்படுத்தியது. ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட இணைப்புகளை அது தொடவே இல்லை. ஆனாலும் இயங்குதளத்தின் கோப்பு ஒன்றையே அறுவை செய்து அந்தப் பத்தை நூறாக்குவது ஒரு சடங்காகவே நடந்தது. வேகம் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருந்தது. மாற்றியவருக்குத்தான் கூடியதுபோல் தோன்றியது. மொத்த இணைப்பு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் ஏற்றுவது அடுத்தது. மலிவான ரவுட்டரின் நினைவில் அத்தனைக்கு இடம் இராது. டொரென்டோடு சேர்ந்து வீட்டில் எல்லோருடைய இணையமும் நின்றுபோகும். 'பூஸ்டர்' என்ற பெயரில் வரும் மென்பொருள்கள் உறுதியாக வேகப்படுத்துவது விளம்பரங்களை மட்டும்.

சில நேரம் குற்றம் உண்மையிலேயே இணைப்பு நிறுவனத்தின் பக்கம் இருக்கும். 2007இல் அமெரிக்காவில் ராப் டோபோல்ஸ்கி என்ற தொழில்நுட்பர், பதிப்புரிமை காலாவதியான பழைய பார்பர்ஷாப் கூட்டுப்பாடல்களைப் பகிர முயன்றார். பாட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. அவர் தோண்டிப் பார்த்ததில், அவருடைய இணைப்பு நிறுவனமான காம்காஸ்ட் நடுவில் புகுந்து, இவர் பேரில் அவருக்கும் அவர் பேரில் இவருக்கும் 'தொடர்பை முடித்துக்கொள்வோம்' என்று போலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. இரண்டு கணினிகளும் மற்றவர்தான் கோபித்துக்கொண்டார் என்று நம்பிப் பிரிந்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அக்டோபரில் சோதித்தபோது எடுத்துக்கொண்ட கோப்பு கிங் ஜேம்ஸ் பைபிள். அதற்கும் அதே கதி. 2008 ஆகஸ்டில் அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் காம்காஸ்டைக் கண்டித்து ஆணையிட்டது. 2010இல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று ஆணையைத் தள்ளியது. இப்படிப்பட்ட குறுக்கீடு இருக்கும் இடத்தில் மென்பொருளின் குறியாக்க வசதியை இயக்குவது பலன் தரலாம்.

கொடுக்காமலே வாங்க முடியாதா என்ற கேள்வியைப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ந்திருக்கின்றன. 2006இல் சூரிக் நகரின் இடிஎச் பல்கலைக்கழகத்தார் பிட்தீஃப் என்ற மென்பொருளை எழுதி, ஒரு பைட் கொடுக்காமலே கோப்பை இறக்கிக் காட்டினார்கள். புதியவருக்குத் தரும் இலவசத் துண்டுகளை ஊரெல்லாம் சுற்றிச் சேகரிப்பதே அதன் தந்திரம். 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரின் பிட்டைரன்ட், எதிராளி திருப்பித் தரத் தேவையான அளவு மட்டும் கொடுத்து, மீதியை வேறு எதிராளிகளுக்குத் திருப்பிவிட்டு, நல்ல வேகம் கண்டது. ஆனால் எல்லோரும் மிச்சத்தைத் தங்களிடமே பிடித்துவைத்துக்கொண்டால் எல்லோருக்கும் வேகம் குறையும் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. கெட்டிக்காரத்தனம் ஊரில் ஒருவரிடம் இருக்கும்வரைதான் லாபம்.

இந்த வழிகள் உபுண்டுவுக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் டொரென்டாகத் தரும் நூல்களுக்கும் எப்படிப் பொருந்துமோ, அப்படியே நேற்று வெளியான படத்துக்கும் பொருந்தும். ஆனால் கூட்டத்தில் சேரும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் மற்ற எல்லோருக்கும் தெரியும்; அந்த மற்றவர்களில் படத்தின் உரிமையாளர் அமர்த்திய ஆளும் இருக்கலாம். வேகம் கூடினால் அவருக்கும் சீக்கிரம் தெரியும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒருவர் இறக்கும் ஒவ்வொரு பைட்டும் இன்னொருவர் ஏற்றியது. எனவே ஏற்றியதை இறக்கியதால் வகுத்து வரும் பகிர்வு விகிதம், கூட்டம் மொத்தத்துக்கும் எப்போதும் சரியாக 1தான். ஒருவர் 0.1இல் மூடிவிட்டுப் போனால், பாக்கி 0.9ஐ வேறு யாரோ சுமக்கிறார்கள். ஆகவே கோப்பு 100 சதவீதம் தொட்டதும் மென்பொருளை மூடாமல், விகிதம் 1.0 ஆகும்வரை அதை ஓடவிடுங்கள். அதற்கு எந்த செட்டிங்ஸையும் மாற்ற வேண்டியதில்லை.