சர்வீஸ் தம்பி

மதுரையில் நாலு சிஸ்டம் இருக்கிற எந்த ஆபீஸுக்கும் ஒரு சர்வீஸ் தம்பி உண்டு. வயது நாற்பதைத் தொட்டிருக்கும், பிள்ளை பத்தாவது படிக்கும், ஆனாலும் தம்பிதான். முதுகில் பை. அதற்குள் கிரிம்பிங் டூல், சாவிக்கொத்து மாதிரி பென்டிரைவ்கள், எந்த ஆபீஸிலிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லாத ஒரு மவுஸ். எப்போது போன் போட்டாலும் காளவாசல் சிக்னலில் நிற்பார். “அஞ்சே நிமிசம்ணே, வந்துட்டேன்.” அந்த முகவரிக்கே அவருக்கு ரேஷன் கார்டு கொடுத்துவிடலாம்.

மாதம் 20ஆம் தேதி நெருங்க நெருங்க அவருக்குக் கிராக்கி ஏறும். ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் அதுதான். அன்றைக்குப் பார்த்துத்தான் கீழமாசி வீதி மொத்தக் கடையில் ஃபோல்டர் ஷேரிங் போகும். முதலாளி அறையில் புத்தம்புது விண்டோஸ் 11. கணக்கு எழுதும் அக்காவிடம் விண்டோஸ் 7. மூலையில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காகவே உயிர் பிடித்து வைத்திருக்கும் விண்டோஸ் எக்ஸ்.பி. டேலி டேட்டா கிடக்கும் மெஷினுக்கு ‘சர்வர்’ என்று பெயர். மற்றதைப் போல அதுவும் சாதா மெஷின்தான். ஆயுதபூஜைக்கு அதற்கு மட்டும் சந்தனம் கொஞ்சம் கூடுதல்.

தம்பி வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி: “இதை யாருண்ணே போட்டது? கேபிளே தப்பா இருக்கு.”

“நீதானப்பா போட்ட.”

“அப்ப எலி கடிச்சிருக்கும்.”

பிறகு வைத்தியம் தொடங்கும். எல்லா மெஷினையும் அணைத்து, ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிச் செருகுவார். ஃபயர்வாலை ஆஃப் பண்ணுவார். ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்று வரம் அளிப்பார். டீ கொண்டுவரும் பையன் லேப்டாப்போடு வந்தால், பேலன்ஸ் ஷீட்டை அவனும் திருத்திக்கொள்ளலாம். ஷேரிங் வந்துவிடும். அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. தம்பி மாடிப்படி இறங்கி வண்டியை உதைத்ததும் மறுபடி போய்விடும்.

இதில் அவரை மட்டும் திட்டினால் பாவம். விண்டோஸ் மெஷின்கள் ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், 1980களில் ஐ.பி.எம்.மில் பிறந்தது. எக்ஸ்.பி.க்கு அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகப் புகுந்து உலகத்தையே அழவைத்தது. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் மைக்ரோசாப்ட் எஸ்.எம்.பி.யின் அந்த முதல் பதிப்பைக் கழற்றிவிடத் தொடங்கியது. 2024இல் வந்த விண்டோஸ் 11 புரோ பதிப்பு, நாமாக மாற்றி வைக்காதவரை பாஸ்வேர்டு இல்லாத ஷேரிங்கையே ஏற்பதில்லை. ஆக, முதலாளி மெஷினும் மூலை மெஷினும் சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளிகள். தம்பி நடுவில் பஞ்சாயத்து பண்ணுகிறார்.

மிச்சக் கோளாறெல்லாம் சில்லறை. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் வேறு ஐ.பி. கொடுத்துவிடும், டெஸ்க்டாப்பில் இருக்கிற ஷார்ட்கட் பழைய ஐ.பி.யைத் தேடி அலையும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சர்வரும் ஒரு குட்டித்தூக்கம் போடும்.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். “எக்ஸ்.பி.யைத் தூக்கிருங்கண்ணே, அதுக்கு அப்டேட்டே 2014ஓட நின்னுபோச்சு” என்று வருஷாவருஷம் சொல்கிறார். “ஓடுதுல்ல, ஓடட்டும்” என்பது முதலாளி வாக்கு. பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தாலும், “எடுத்துருப்பா, அக்காவுக்குக் கை வலிக்குதாம்.” ஆகையால் அவர் மைக்ரோசாப்ட் கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட்டு, போன மாதத்துப் பீஸைக் கேட்காமலே கிளம்புகிறார்.

உங்கள் ஆபீஸிலும் ஒரு தம்பி இருப்பார். மாத ஆரம்பத்தில், வேலை குறைந்த ஒரு நாளில் கூப்பிட்டு அரைநாள் விடுங்கள். சர்வருக்கு மாறாத ஐ.பி. ஒன்று கொடுத்து, அது தூங்காதபடி செட் பண்ணி, ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள். எக்ஸ்.பி.யை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள். டேலி டேட்டாவைத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பேசிய பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு வாங்கிய ரவுட்டர் பாக்கியையும் சேர்த்து.