கடலுக்குச் சங்கு கிடையாது, பேராண்டி!

டிசம்பர் லீவுக்குக் கிழக்குக் கரையில குளிக்கப் போறீங்களாமே, சந்தோஷம். செராத்திங்கில கூட்டமாம், அதைத் தாண்டி ஆளே இல்லாத கரையாப் பார்த்து இறங்குவீங்களாம். ரொம்பச் சரி. ஆள் இருந்தா காப்பாத்தித் தொலைச்சிடுவான்.

அந்தக் கரை மீனவனைப் பாரு, பயந்தாங்கொள்ளி. நவம்பர்ல வாடைக்காத்து கிளம்பினா மார்ச் வரைக்கும் கடலுக்குப் போகவே யோசிப்பான். பிறந்ததிலேர்ந்து கடலைப் பார்த்தவனுக்கு என்ன தெரியும்? நம்ம லெம்பா பெர்த்தாம் தேயிலைக் காட்டுல வளர்ந்து, போன்ல அலைச் சறுக்கு பார்த்த உனக்குத்தானே எல்லாம் தெரியும்!

நீ எந்த இடத்துல இறங்குவேன்னு இங்கேருந்தே சொல்லவா? ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையும். நடுவுல ஒரு சந்து மட்டும் உடையாம, கொஞ்சம் கறுத்து, சாதுவாக் கிடக்கும். 'நமக்குன்னே ஒதுக்கின இடம்'னு நேரா அதுலதான் போய் விழுவே. கரையில ஏறிக் குவிஞ்ச தண்ணி, மணல் திட்டு அறுந்த இடமாப் பார்த்துத் திரும்பிப் பாயற வழியே அதுதான்டா. வேகம் பிடிச்சா நொடிக்கு 2 மீட்டர். நல்ல நீச்சல்காரனே தோத்துடுவான். நீயோ முழங்கால் ஓடைத் தண்ணியில நீச்சல் படிச்ச சூரன்.

அந்த இழுப்பு உன்னை அடியில அமுக்காது, வெளியேதான் கொண்டு போகும். எதிர்த்து நீந்தி மூச்சைத் தொலைக்காதே. மல்லாந்து மித, கையைத் தூக்கிக் கத்து. தெம்பு இருந்தா கரையை ஒட்டினாப்ல பக்கவாட்டில நீந்தி, அலை உடையற பக்கமாத் திரும்பு. கூட்டாளி பாசத்துல பின்னாலயே குதிக்க வேணாம். நீங்க மறக்காமக் கொண்டு போற ஐஸ் பெட்டி இருக்கே, உள்ளே இருக்கிறதை வருத்தத்தோட கொட்டிட்டு, மூடி இறுக்கி, அதைத் தூக்கி எறியட்டும். பிடிச்சுக்கிட்டு மிதக்கலாம்.

ஆத்து முகத்துவாரம் பக்கம் போகவே போகாதே. மழைக்காலத்துல வெள்ளம் அடிச்சுட்டு வந்த மரக்கட்டை அலைக்குள்ள உருண்டுகிட்டிருக்கும். கலங்கல் தண்ணியில அது கண்ணுக்குத் தெரியாது, இடுப்புக்குத்தான் தெரியும்.

2013 அக்டோபர் 23, விடியறதுக்கு முன்னாடி ரிங்லட்டுல சுல்தான் அபு பக்கார் அணையைத் திறந்தப்போ, பெர்த்தாம் ஆத்தோரம் வீடும் வண்டியும் சேத்துல போச்சு, உயிரும் போச்சு. அதனால இங்கே நம்ம ஊர்ல அணைச் சங்கு ஊதினா கிழவனும் ஓடுவான். நீ போற கரையில சங்கு ஊதவோ சிவப்புக் கொடி நடவோ எவன் இருக்கான்? இறங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உட்கார்ந்து, அலை எங்கே உடையுது, எங்கே உடையலேன்னு பாரு.

999 அடிக்கத் தெரியும்தானே? எந்தக் கரைன்னு கேட்டா முழிப்பே. போற இடத்துப் பேரை எழுதி உன் பாட்டிகிட்ட கொடுத்துட்டுக் கிளம்பு.